வளைமூக்குக் குஞ்சுகள்

வேதாரண்யம்
ஐப்பசி 8

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நேற்று விடியற்காலையில் கோடியக்கரைக்குப் போயிருந்தேன். நீ வாங்கிக்கொடுத்த பைனாகுலரை இப்போதுதான் கை நடுங்காமல் பிடிக்கப் பழகியிருக்கிறேன். காலையில் வெயில் முதுகில் விழும்படி உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டால் மேற்கே சதுப்பு துலக்கமாகத் தெரிகிறது. பூநாரைகள் இன்னும் கூட்டமாக வரவில்லை. இருபது முப்பது மட்டும் தூரத்தில் நின்றன. வருகிறவர்கள் எல்லோரும் அவற்றைத்தான் கேட்கிறார்கள். எனக்கோ சேற்றில் குடுகுடுவென்று ஓடும் உள்ளான்கள் மேல்தான் கண். மழை பிடித்துத் தண்ணீர் ஏறிவிட்டால் இந்தக் குட்டைக்கால்காரர்களுக்கு அங்கே நிற்க இடமிருக்காது. அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

அதில் வளைமூக்கு உள்ளான் என்று ஒன்று. எடை ஒரு கோழிமுட்டை அளவுதான். சைபீரியாவின் வடகோடியில், மரமே முளைக்காத தரையில் குஞ்சு பொரிக்கிறது. ஆவணியில் நான் பார்த்தவற்றின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருந்தது. அவை பெரியவை. நேற்றுப் பார்த்தவற்றின் முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளுத்த ஓரம், மீன் செதிலை அடுக்கியது போல. இந்த வருஷத்துக் குஞ்சுகள்.

விஷயம் இதுதான். பெரியவை முன்பே கிளம்பி வந்துவிடுகின்றன. ஆண் பறவை முட்டையோடு நிற்பதே இல்லை. அதுதான் முதலில் புறப்படுகிறது. (அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லையாம்.) பிறகு தாயும் போய்விடும். கடைசியாகக் குஞ்சுகள், கூட்டிவரப் பெரியவர்கள் இல்லாமல், தாங்களாகவே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றன. ஒன்று என் பக்கத்திலேயே வந்து மூக்கைச் சேற்றில் குத்திக்குத்தித் தின்றது. கொக்கி போல வளைந்த மூக்கு, பாதி முகம் சேறு. உன் முதல் குளிர்காலத்தில் பெட்டியும் கையுமாக ஹாம்பர்க் ரயில் நிலையத்தில் நின்று நீ அனுப்பிய படம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் தூங்கவில்லை. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சின்ன வயதில் இதே உள்ளானைக் கறியாகத் தின்றவன்தான் நான். 1967இல் சரணாலயம் ஆன பிறகும் வலை விரிப்பது உடனே நின்றுவிடவில்லை. அப்புறம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டபோது, கையில் கிடைத்ததை ஏன் விடுகிறார்கள் என்று ஊரே சிரித்தது. நானும்தான்.

உன் ஊருக்குக் கொஞ்சம் வடமேற்கே வாடன் கடல் இருக்கிறதே, தண்ணீர் வற்றினால் சேறாகிக் கிடக்கும் கரையோரக் கடல், அந்தச் சேற்றிலும் இதே பறவை இறங்கும். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும். அடுத்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். நெஞ்சு சிவப்பா, முதுகில் செதிலா என்று மட்டும் எழுது.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். விமானத்தில் விடுவார்களா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா