சின்னம்மாவுக்கு, வானுக்குள் சொல்லாமல் விட்டது

அன்புள்ள சின்னம்மா,

போன சனிக்கிழமை கிளிநொச்சிக்குக் கலியாணக் கூறை எடுக்கப் போய்விட்டுத் திரும்பும்போது நான் வானுக்குள் வாயே திறக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். தலையிடி என்று அம்மா சொல்லிச் சமாளித்தாவாம். தலையிடி ஒன்றும் இல்லை, கோபம்தான். நேரில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், உங்களைப் பார்த்து நானும் அழுவேன், கதை வேறெங்கோ போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம், உங்கள் பேரைப் போடவில்லை. உங்களைப்போல நல்ல சனம்தான் கடைக்குள் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுகிறது, அதில் நானும் ஒருத்தி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அறுபது சாறி இறக்கிப் பார்த்தது பிழை இல்லை. ஒன்றும் எடுக்காமல் எழும்பி வந்ததும் பிழை இல்லை. கூறை வாழ்க்கையில் ஒரு தரம் எடுக்கிறது, மனதுக்குப் பிடிக்காமல் எடுத்து என்ன செய்ய? நான் 2017 தொடங்கி நாலு வருசம் புடைவைக்கடையில் நின்றவள், விரித்துக் காட்டுவது எங்களுக்குப் பாரமே இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வேலையில் இருக்கிற சந்தோசமே அதுதான்: தலைப்பை ஒரு வீசு வீசி விரிக்க, லைற் வெளிச்சத்தில் சரிகை மினுங்க, கலியாணப் பொம்பிளை தாயைத் திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு பார்வை. எங்களுக்கு ஆகாதது திரும்ப மடிக்கிறதுதான். பட்டுச்சாறியைப் பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சரிகையில் கோடு விழுந்து, அடுத்து வருகிறவ "இது ஆரோ உடுத்துக் கழட்டினதோ?" என்று கேட்பா. ஒருத்தி ஒரு அந்தத்தைப் பிடிக்க மற்றவள் மற்ற அந்தத்தைப் பிடித்து, உதறி, கரையோடு கரை சேர்த்து, உள்ளங்கையால் நீவி, மட்டையை வைத்துக் கவருக்குள் தள்ள, நிதானமாகச் செய்தால் ஒரு சாறிக்கு இரண்டு மூன்று நிமிடமாவது போகும். அறுபதுக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள், கணக்கில் நீங்கள் கெட்டிக்காரி. நாங்கள் வான் ஏறும்போது மணி ஏழே முக்கால். எட்டுக்குக் கடை பூட்டு. அந்தக் குவியலுக்கு முன்னால் எங்களுக்குச் சாறி காட்டின பிள்ளை தனிய நின்றுகொண்டிருந்தா, மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை.

சரி, அதுவும் வேலைதான். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில்.

"என்ன நிறத்தில பாக்கிறீங்கள் அம்மா?" என்று அவ இரண்டு தரம் கேட்டா. நீங்கள் லண்டனில் இருக்கிற மாமியோடு வீடியோவில் கதைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினீர்கள். பொறு என்கிற மாதிரியோ போ என்கிற மாதிரியோ எனக்கே விளங்கவில்லை, அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? அப்புறம் மாமிக்குக் காட்ட ஒரு சாறி வேண்டுமென்று விரலைச் சொடுக்கினீர்கள். அவ மேல்தட்டுக்கு ஏணி எடுக்கப் போய்விட்டு வந்து ஒரு கணம் மேசையில் சாய்ந்தபோது, "சும்மாவே நிக்கிறாய் பிள்ளை? சம்பளம் தருகினம்தானே, எடு" என்றீர்கள். பக்கத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. அவையும் சிரித்தார்கள்.

சும்மா நிற்கிறது. சின்னம்மா, அந்த வேலையில் கஷ்டமே அந்த நிற்கிறதுதான். நான் நின்ற கடையில் எங்களுக்குக் கதிரை கிடையாது, ஆள் இல்லாத மத்தியானத்திலும் இருக்கக் கூடாது. கமராவில் முதலாளி பார்ப்பார். நாங்கள் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒரு வெறும் பெட்டியை ஒளித்து வைத்து, ஒருத்தி காவல் நிற்க மற்றவள் ஐந்து நிமிடம் இருப்போம். இரவில் உப்புத் தண்ணிக்குள் காலை வைத்துக்கொண்டு சாப்பிட்டதை அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பா. கடை வேலைக்காரர் இருக்கக் கதிரை கொடுக்க வேண்டும் என்று கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் புடைவைக்கடைப் பெண்கள்தான் அதற்காகப் பேசினவை. எங்கள் இலங்கையிலும் கடை வேலைக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, கிழமையில் ஒன்றரை நாள் லீவு என்று. காலை எட்டரைக்கு வந்த பிள்ளை இரவு எட்டாகப் போகும்போதும் சாறி மடிக்க நிற்கிறதை நீங்களே பார்த்தீர்கள். சம்பளம் தருகினம் என்றீர்களே, சட்டம் சொல்கிற ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆக்கினது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நீங்கள் மடியில் போட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளின அந்த மயில்கழுத்து நிறக் கூறையின் விலை 85,000. அது அழுக்காகினால் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை, நான் ஒரு தரம் கட்டியிருக்கிறேன்.

அவவோடு இரண்டு வார்த்தை கதைத்தேன். தர்மபுரத்துப் பிள்ளை. உங்கள் வீட்டு வாசலால் போகிற அதே முல்லைத்தீவு வீதி பஸ்ஸில்தான் வந்து போகிறாவாம், கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோக்காசில் அன்றைய சம்பளம் போய்விடும். புதுக்குடியிருப்பில் உங்கள் படலையைத் தட்டியிருந்தால் தேத்தண்ணி குடிக்காமல் விட்டிருப்பீர்களா அவவை? அதுதான் எனக்கு விளங்காதது.

வரும் வழியில் அந்தப் பெரிய கடையில் பைக்குக் காசு கேட்டதற்கு நீங்கள் போட்ட சத்தம் இன்னொன்று. பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் போட வேண்டும் என்று 2025 நவம்பர் 1இலிருந்து நாடு முழுக்கச் சட்டம். காசு வாங்கிற பெடியன் தன் பொக்கற்றுக்குள் போடுவதற்குக் கேட்கவில்லை. எங்காவது விலையில் ஏமாற்றினால் 1977க்கு அடித்துப் பாவனையாளர் அதிகாரசபையிடம் சொல்லலாம், நானே அடித்துத் தருகிறேன். ஆனால் அவனோடு கத்தி என்ன வரப்போகிறது? மிச்சக்காசை அவன் கையில் வைக்க நீட்ட, நீங்கள் கையை நீட்டாமல் மேசையில் வை என்று காட்டினீர்கள். அதையும் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் முடியாது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் எனக்குப் பத்து வயது. தண்ணிக்கு ஒரு லைன், சாப்பாட்டுக்கு ஒரு லைன், சீனி பருப்புக்கு இன்னொரு லைன். என்னை முன்னால் விட்டுப் பின்னால் நீங்கள் நின்றீர்கள், உங்கள் சீலைத்தலைப்புத்தான் எனக்குக் குடை. பதிவுக் கொப்பியோடு இருந்த ஒரு ஆள் எங்கள் முறை வந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் பேனையால் அடுத்த பக்கம் போ என்று காட்டினான். அங்கே போனோம், அங்கேயும் இல்லை என்றார்கள். கூடாரத்துக்கு வந்து நீங்கள் சாமான் கிடைக்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. "நிமிர்ந்து பாத்து ஒரு சொல்லுச் சொன்னா அவனுக்கு என்ன கழுத்து முறிஞ்சு போமோ?" என்றுதான் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். சனிக்கிழமை வீடியோவைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கையை உயர்த்தினபோது எனக்கு அந்தப் பேனைதான் ஞாபகம் வந்தது. எழுதவே கை கூசுகிறது, மன்னியுங்கள்.

நானும் திறம் இல்லை. வங்கி வேலை கிடைத்து மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, போன் கடையில் ரீலோட் பிழையான நம்பருக்குப் போய்விட்டது என்று ஒரு சின்னப் பெடியனைப் பேசிவிட்டு வெளியே வந்து பார்த்தால், துண்டில் ஒரு இலக்கத்தை நான்தான் மாற்றி எழுதியிருந்தேன். திரும்பிப் போய்ச் சொல்ல வெட்கம். இரண்டு கிழமை அந்த வீதியாலேயே போகவில்லை. நாலு வருசம் கடையில் நின்றவளுக்கே இப்படி.

நேற்று வேலை முடிந்து அந்தப் புடைவைக்கடைக்குப் போனேன். மயில்கழுத்துக் கூறை இன்னும் இருக்கிறது. நீங்கள் அதைத் தள்ளிவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தீர்களாம், அந்தப் பிள்ளை கவனித்து, தனியாகக் கட்டி மேல்தட்டில் வைத்திருக்கிறா. "அம்மாவுக்கு அதுதான் பிடிச்சது, விலையைப் பாத்துத்தான் யோசிச்சவ" என்றா. கொஞ்சம் குறைக்கலாமா என்று முதலாளியிடம் தானே கேட்டுப் பார்க்கிறாவாம். சனிக்கிழமை பின்னேரம் வேண்டாம், புதன்கிழமை காலை பத்து மணிபோல வாருங்கள், ஆள் குறைவு. நான் அரைநாள் லீவு போடுகிறேன். மாமிக்கு வீடியோ எடுக்கிறது என்றால் போனை நான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்