இசக்கிக்கு: உனக்கு ஏற்ற பிஸ்டல்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள இசக்கி,

உன் கடிதமும் கூடவே நீ வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் சுகம். கார் நடவு முடிந்துவிட்டது. பாபநாசம் அணை மொத்தம் 143 அடி, அதில் பாதிக்கு மேலே ஏறி நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. பன்றித் தொல்லைதான் தாங்கவில்லை. ராத்திரி வந்து வாழையின் அடியைக் கிண்டிப் போட்டுவிட்டு விடிவதற்குள் காட்டுக்குள் போய்விடுகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அங்கே அமெரிக்காவில் என்ன பிஸ்டல் வாங்கலாம் என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தகரடப்பாவைக் குறிபார்த்துச் சுட வேண்டும், லைசென்ஸ் எடுத்து முயல் சுட வேண்டும், நடைபாதையில் கிலுகிலுப்பைப் பாம்பு குறுக்கே வந்தால் உதவ வேண்டும், கரடி வந்தாலும் உதவ வேண்டும், தங்கச்சி செண்பகமும் சுடும்படி இருக்க வேண்டும், இத்தனைக்கும் சின்ன காலிபரில், அதாவது சின்னக் குழல் விட்டத்தில், சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறுகிற ஒரே ஒரு செமி ஆட்டோமேட்டிக் என்கிறாய். பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிற ஆர்மரராக இருந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை வேறு. ஏலே, உன் பட்டியலில் டப்பா, முயல், செண்பகம் மூன்றுக்கும் பிஸ்டல் உண்டு. பாம்புக்குத் தேவையில்லை. கரடிக்கு நீ நினைக்கிற பிஸ்டல் ஆகவே ஆகாது. அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் தேர்வு சுலபம்.

கரடியை முதலில் முடித்துவிடுகிறேன். சின்ன காலிபர் என்றால் பாயிண்ட் டூ டூ (.22). அதன் ரவை 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய இரண்டரை கிராம் ஈயம். அதைக் கொண்டு கரடியை நிறுத்த முடியாது, கோபப்படுத்தத்தான் முடியும். சிவந்திபுரம் பக்கம் கரடி இறங்கினால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? டார்ச்சை அடித்துச் சத்தம் போட்டு, அது போக வழி விட்டு ஒதுங்குகிறார்கள். உங்கள் ஊரில் கரடிக்கென்றே மிளகாய்க் காரம் அடைத்த ஸ்ப்ரே கிடைக்கிறது. அதை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள். பாம்புக்கும் அதே கதைதான். இரண்டு எட்டு பின்னால் வைத்தால் அது அதன் பாட்டுக்குப் போகும். பொடி ரவை அடைத்த பாம்புத் தோட்டா ஒன்று விற்கிறதே என்று கேட்டிருந்தாய். செமி ஆட்டோமேட்டிக்கில் அது பெரும்பாலும் பொறியை முழுசாகப் பின்னால் தள்ளாது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது ஏறாமல் நீ கையால் இழுத்துக்கொண்டு நிற்பாய்.

சரி, காலிபர். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. பாளையங்கோட்டை என்சிசி கேம்பில் குப்புறப் படுத்துச் சுட்டோமே, அதே பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள்தான். 1887-இல் வந்த தோட்டா, இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. .25-ம் .32-ம் சட்டைப்பைக்கென்று பிறந்தவை. அவற்றின் தோட்டா விலையும் கூட, குறிபார்க்கும் சுகமும் குறைவு. பாயிண்ட் டூ டூ தோட்டா 9 எம்எம் விலையில் பாதிகூட வராது. உதைப்பு இல்லாததால் புதிதாகப் பழகுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ட்ரிகரைப் பிடுங்கும் பழக்கமும் வராது. எங்கள் ரைபிள் கிளப்பில் பிள்ளைகளைப் பார்க்கிறேனே. முதல் நாளே பெரிய துப்பாக்கியைச் சுட்டுப் பயந்தவர்களைத் திருத்துவதுதான் பெரும் பாடு.

சொல்ல மறந்துவிட்டேன், இந்தச் சின்ன காலிபர் ஆட்டோமேட்டிக் விவகாரம் நம் ஜில்லாவுக்குப் புதுசில்லை. மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டபோது வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அதற்குப் பெயர் கொடுத்த ஜான் பிரவுனிங் உங்கள் அமெரிக்காக்காரர். பின்னாளில் உட்ஸ்மேன் என்று பெயர் வாங்கிய பாயிண்ட் டூ டூ பிஸ்டலும் அவர் வரைந்ததே. கோல்ட் கம்பெனி அதை 1915-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டாளத்தில் நான் தினமும் பிரித்துப் பூட்டிய 9 எம்எம் 1ஏ பிஸ்டலின் மூல டிசைனும் அவர் தொடங்கிவைத்து, அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் முடித்தது. இன்றைக்கு நீ கடையில் பார்க்கிற பாதிப் பிஸ்டல்களில் அவர் கைரேகை இருக்கும்.

இப்போது நீ அனுப்பிய படங்கள். ஒரு பக்கம் க்ளாக் 44, டாரஸ் டிஎக்ஸ்22 மாதிரி மேல்மூடி முழுசும் முன்னும் பின்னும் ஓடுகிறவை. இன்னொரு பக்கம் ருகர் மார்க் ஃபோர், பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி. முதல் வகை எடை குறைவு. க்ளாக் அரைக் கிலோகூட இல்லை, டாரஸில் பதினாறு தோட்டா பிடிக்கும். நடக்கிறவனுக்கு அந்த எடைக்குறைவு பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் உன் முதல் ஆசை டப்பாவும் முயலும். அங்கே குறிதான் பேசும். இரண்டாம் வகையில் குழல் அசையாது. ருகரில் குழலும் அதைப் பிடித்திருக்கும் உருளையும் ஒரே கட்டு, உள்ளே போல்ட் என்கிற அடைப்புத் துண்டு மட்டும் ஓடி வருகிறது. குறிபார்க்கிற முன் சைட்டும் பின் சைட்டும் அந்த அசையாத கட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. நீ ஒருமுறை சரிசெய்து வைத்த குறி அப்படியே நிற்கும். கிளப்பில் போட்டிக்கு வரும் பிள்ளைகள் கையில் இருக்கும் பார்டினி, வால்தர் எல்லாம் இதே தத்துவம்தான். விலை மட்டும் வேறு உலகம்.

ருகர் கம்பெனி 1949-இல் முதன்முதலாக விற்ற சாமானே இந்த மாதிரி பிஸ்டல்தான். பிறகு வந்த மார்க் டூ, மார்க் த்ரீ வரைக்கும் சுடுவதில் குறை சொல்ல முடியாது. பிரித்துவிட்டால் திரும்பப் பூட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் கூட்டில் ஹாமரின் வால் சரியான கோணத்தில் போய் உட்கார வேண்டும், உட்காராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. 2016-இல் வந்த மார்க் ஃபோரில் பின்னால் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் மேல்பாகம் சாய்ந்து கழன்று வந்துவிடுகிறது. நீ வைத்த வரைபடத்தில் அந்தக் கீலைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்தது. இத்தனை சின்ன வேலைக்கு அவர்களுக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! பாயிண்ட் டூ டூ தோட்டா மெழுகும் ஈயமும் கரியும் கக்குகிற சாதி. துடைக்கச் சோம்பல் வரும் பிஸ்டலை வாங்கினால் அதைத் துடைக்கவே மாட்டாய். பக் மார்க்கின் ட்ரிகர் நல்ல சுத்தம் என்று பேர், ஆனால் அதைப் பிரிக்க ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். உன் பொறுமை எனக்குத் தெரியும்.

ஆகவே என் ஓட்டு ருகர் மார்க் ஃபோருக்கு. அதிலும் ஐந்தரை அங்குலக் குழல், திருத்தக்கூடிய பின் சைட். அதில் இரண்டு கைப்பிடி உண்டு. பழைய சாய்வான கைப்பிடி ஒன்று, பாலிமரில் நிமிர்ந்து நிற்கும் 22/45 என்பது இன்னொன்று. முழு இரும்பாக வாங்கினால் ஒரு கிலோவுக்கு மேல் இடுப்பில் தொங்கும். 22/45 லைட் என்று ஒன்று வருகிறது, நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த குழல், எழுநூறு கிராம்தான். ஏறி இறங்கி நெடுநேரம் நடப்பதுதான் முக்கியம் என்றால் அதை எடு. ரேஞ்சில் நின்று சுடுவது அதிகம் என்றால் கனமானதே நல்லது, கை ஆடாது. அங்கே ரேஞ்சுகளில் வாடகைக்குத் தருகிறார்களாமே. செண்பகத்தையும் கூட்டிப்போய் இரண்டையும் சுடவிட்டுப் பார். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரில் படிய வேண்டும், தவறி வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டியைக் கட்டைவிரல் எட்டாமல் தேடக் கூடாது. அவள் கைக்கு எது படிகிறதோ அதை வாங்கு, உன் கை எதற்கும் பழகிக்கொள்ளும்.

பழசாக வாங்குவதாயிருந்தால் ஒன்றைக் கவனி. 2017 ஜூனுக்கு முன்னால் செய்த மார்க் ஃபோர்களில் சேஃப்டி பாதியில் நிற்கும்போது ட்ரிகரை அழுத்தினால், பிறகு சேஃப்டியை எடுக்கும் நேரத்தில் வெடிக்கும் வாய்ப்பு இருந்தது. கம்பெனியே அவற்றைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண்ணைக் கேட்டு, அந்தத் திருத்தம் முடிந்ததா என்று பார்த்துக்கொள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு வயதாகிவிட்டது. பின் சைட், முன் சைட், குறி மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கிற கண் இனி வராது. முன் சைட் மட்டும் தெளிவாக இருக்கட்டும், டப்பா மங்கினால் மங்கட்டும். அது ஒத்துவரவில்லை என்றால் மேலே ஒரு சிவப்புப் புள்ளி சைட் மாட்டிக்கொள். அதற்கான துளை இந்தப் பிஸ்டல்களில் ஏற்கெனவே உண்டு. புள்ளியைக் குறியின் மேல் வைத்தால் போதும். எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது, ஆனால் கிளப்பில் வெளியே சொல்வதில்லை.

தோட்டாவில் கஞ்சத்தனம் பண்ணாதே. மொத்தமாகக் கொட்டிக் கிடக்கும் மலிவுச் சரக்கில் புஸ்ஸென்று போவது அதிகம். பாயிண்ட் டூ டூவுக்கு நடுவில் தீ மூட்டுகிற கேப்பு கிடையாது, அடிவிளிம்புக்குள்ளேயே மருந்தைச் சுழற்றிப் பரப்புகிறார்கள். பிஸ்டலின் ஊசி போய் அடிக்கிற இடத்தில் மருந்து இல்லையென்றால் வெடிக்காது. அப்படி வெடிக்காமல் போனால் முப்பது விநாடி குழலைக் குறிப்பக்கமே நீட்டி வைத்திரு, தாமதமாக வெடிப்பதும் உண்டு. 40 கிரெயின், செம்பு முலாம், ஹை வெலாசிட்டி, இதில் இரண்டு மூன்று கம்பெனி வாங்கிச் சுட்டுப் பார். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு தீனி பிடிக்கும். தோட்டா அடுக்குகிற மேகசினை நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய் மாட்டினால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு மூன்றாவது சுடும்போது அடைத்து நிற்கும். அவசரத்தில் அமுக்கித் திணிக்காமல் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திச் சரித்து விடு. காதுக்கு மூடி கட்டாயம், சின்னச் சத்தம்தானே என்று விடாதே. சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஈயம் சும்மா விடாது.

அப்புறம் இடம். ஃப்ளாக்ஸ்டாஃபைச் சுற்றியிருப்பது கொக்கனினோ தேசியக் காடு என்று எழுதியிருந்தாய். வீடு, கூடாரம் போடும் இடம், ஆள் இருக்கும் இடம் எதிலிருந்தும் 150 கஜத்துக்குள் சுடக் கூடாது, சாலைக்கும் தண்ணீருக்கும் குறுக்கே சுடக் கூடாது. இது அங்கே தேசியக் காடுகளுக்கெல்லாம் பொது விதி. தீ அபாயம் மிகுந்த கோடையில் சுடவே தடை போடுவதும் உண்டு, போகுமுன் விசாரித்துக்கொள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் டப்பாவை வைக்காதே. இந்தச் சின்ன ரவை ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும்.

உன் ஊரில் கடைக்குப் போய் வாங்குகிற சாமானை இங்கே கேட்டால் எனக்கே சிரிப்பு. 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்க் காவலுக்கென்று தருவது குழல் வாய் வழியாக மருந்து இடிக்கிற துப்பாக்கி. அதற்கும் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சரி, கையில் இருந்தால்தான் பன்றியைச் சுட விடுவார்களா? 2025 தொடக்கத்தில் அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையே சுடலாம், 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். நம் வாழைத்தோட்டம் காட்டை ஒட்டியல்லவா கிடக்கிறது. நான் பழைய சேலைகளை வேலியில் கட்டிவிட்டு, ராத்திரி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் படுக்கிறேன். பன்றிக்கு அந்தப் பாட்டுகள் பிடித்துப்போய்விட்டன என்று சந்தேகம்.

கடைசியாக ஒரு காரியம், இதை மட்டும் மறந்துவிடாதே. மார்கழியில் நீ வரும்போது காட்டுக்குக் கொண்டுபோகிற பையில் துணி அடுக்கி வராதே. பாயிண்ட் டூ டூ தோட்டா சின்னது, பையின் மூலையிலும் ஜாக்கெட் மடிப்பிலும் போய் ஒளிந்துகொள்ளும். ஒரே ஒரு தோட்டா பெட்டியில் கிடந்ததற்காக விமான நிலையத்தில் பிடித்து ஆயுதச் சட்டத்தில் கேஸ் போட்ட செய்தியை இங்கே பேப்பரில் அடிக்கடி பார்க்கிறேன். தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க நீ கோர்ட்டுக்கு அலைய வேண்டும், நான் உனக்கு ஜாமீன் பார்க்க வேண்டும். புதுப் பை ஒன்று வாங்கிக்கொண்டு வா. எந்த வண்டியில் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது, திருநெல்வேலி ஜங்ஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுப்பையா