பெயர் சொல்லாமல் போன அண்ணாச்சிக்கு நன்றி

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது, எங்கள் ஹிப்ஹாப் இசை நிறுவனம் தொடங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. 1984இல் டெஃப் ஜாம் என்ற புகழ்பெற்ற ஹிப்ஹாப் இசை நிறுவனம் நியூயார்க்கில் ஒரு கல்லூரி விடுதி அறையில் பிறந்ததை நம்பி, நாங்களும் தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் பத்தமடைப் பாய்களை அறைந்து பதிவைத் தொடங்கியிருந்தோம்.

அன்று நாங்கள் மூவரும் பாளையங்கோட்டையில் சிக்கிக்கொண்டோம். இடுப்பளவுத் தண்ணீரில் எங்கள் அறைக்குள் இறங்கிய தாங்கள், விலை கூடிய மைக்கை விட்டுவிட்டு, "பாட்டு, அழிக்காதே" என்று நாங்கள் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து ஹார்டு டிஸ்க்கை எடுத்திருக்கிறீர்கள். மைக்கை மறுபடி வாங்கிவிடலாம். கணியான் கூத்து என்ற நாட்டுப்புறக் கலையின் கலைஞரான ஒரு பெரியவர் எங்களுக்காக ஒரே மூச்சில் அடித்துத் தந்த மகுடம் என்ற பறையின் தனிப்பதிவு அந்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தது; அது போயிருந்தால் ஆறு பாடல்களுக்கும் தாளமே இல்லை.

பரோட்டா பார்சல் பைகள் இரண்டில் சுற்றி, வாயை இறுக முடிந்து, டீக்கடை மாடியில் ஒப்படைத்துவிட்டுச் சென்றிருக்கிறீர்கள். அந்த முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல் பையை ஓரத்தில் வெட்டித்தான் டிஸ்க்கை எடுத்தோம். முடிச்சு இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது.

அண்ணாச்சி, தங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. எங்கள் அறை இப்போது அதே தெருவில், மாடியில் இருக்கிறது. பாடல்கள் வெளியாகும் முன் ஒருமுறை வாருங்கள். நன்றிப் பட்டியலின் முதல் வரியைத் தங்கள் பெயருக்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.