முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கோடை ஏற்ற பருவமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று குடும்பங்களில் பேச்சு எழும்போது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பெயரும் அண்மைக் காலமாக அடிபடுகிறது. திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், சாலையோ கடைத்தெருவோ எட்டிப்பார்க்காத அந்த நீர்க்காட்டைக் காண மக்கள் விரும்புவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வரத் திட்டமிடுவோர் பயணத்தை அடுத்த தை, மாசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்குக் காரணம் தண்ணீர்தான். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலிய காவிரிக் கடைமடை ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும், பாக் நீரிணையிலிருந்து ஏறிவரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில்தான் லகூன் எனப்படும் ஆழமற்ற கடலோர நீர்ப்பரப்பு அமைந்திருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. அதற்கிடையே வடகிழக்குப் பருவமழையும் பெய்து முடிகிறது. அந்த வெள்ளம் வந்து சேர்ந்த பிறகு லகூனில் உப்பு தணிந்திருக்கும், படகு தாராளமாகப் போகும். ஆற்று வரத்து நின்று வெயில் ஏற ஏற நீர்ப்பரப்பு சுருங்கி, கடல்நீரைவிடவும் கரிப்பு மிகுந்துவிடுகிறது. பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாத லகூன் அது. கோடையில் படகு தரைதட்டுவதும், விசைப்பொறியை நிறுத்திவிட்டுப் படகோட்டி சேற்றில் கழி ஊன்றித் தள்ளுவதும் சாதாரணம். பொறியை நிறுத்தாமல் ஓட்டினாலோ அடிச்சேறு கலங்கி, மீன்குஞ்சுகளும் இறால்குஞ்சுகளும் வளரும் தண்ணீர் கெட்டுப்போகிறது. அக்டோபர் தொடங்கி வந்து தங்கும் பூநாரை, உள்ளான், வாத்து வகைகளில் பெரும்பாலானவையும் மார்ச் முடிவதற்குள் கிளம்பிவிடும். இத்தனைக்கும் பிறகு, நிழலற்ற நீர்ப்பரப்பில் பிள்ளைகளையும் முதியவர்களையும் மே மாத வெயிலில் உட்காரவைத்து அழைத்துச் செல்வதில் என்ன பயன் இருக்கிறது?

ஐப்பசி, கார்த்திகையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அது புயல் காலம். 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டை எப்படி உலுக்கிப் போட்டது என்பதை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை.

வருவோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. படகு செல்லும் வழியில் காட்டுக்குள் நேர்கோடாக ஓடும் வாய்க்கால்களைப் பலரும் இயற்கையானவை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் இக்காடு பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்டது. மரம் போன நிலம் வெயிலில் காய்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது. உள்ளே ஏறிய ஓதநீர், அதாவது கடல் பொங்கும்போது ஏறிவரும் நீர், வடிய வழியின்றித் தேங்கி உப்பாக இறுகியதால், விதை விழுந்தும் எதுவும் முளைக்கவில்லை. பின்னர் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள்ளைப் போல ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டி, ஓதம் ஏறவும் வற்றவும் வழிசெய்து, வாய்க்கால்களின் ஓரங்களில் நட்டுவைத்த கன்றுகள்தாம் இன்று காடாக நிற்கின்றன. கோடியக்கரையோடு சேர்த்து 2002-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் இது. கரை ஒதுங்க வசதியாக இருக்கிறது என்று அந்த வாய்க்கால்களில் இறங்கி நடப்பதும், தண்ணீர்ப் புட்டிகளை எறிவதும் அந்த உழைப்பை அவமதிப்பதாகும்.

சரியான பருவத்தில், காலை வேளையில் வந்தால் காண்பதற்குக் குறைவே இல்லை. படகை ஓரமாக நிறுத்தி அலையாத்தி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வேர் வழியாக ஏறிய உப்பை மரம் இலை வழியே கக்கியிருப்பதால் பொடிப்பொடியாக உப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும், விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் கனத்தில் நூற்றுக்கணக்கான மூச்சு வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மிதித்து ஒடித்தால் மரம் மூச்சுத் திணறும். சிதம்பரம் கோயிலின் தலமரமாகிய தில்லையும் இங்கே வளர்கிறது. அதன் பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே கிளையை ஒடித்து விளையாடப் பிள்ளைகளை ஒருபோதும் விடக்கூடாது.

திருவாரூர்–காரைக்குடி பாதையில் ரயில் நிலையம் இருப்பதால் முத்துப்பேட்டை வரை வந்து சேர்வது எளிது. அதற்கப்பால்தான் முன்னேற்பாடு தேவைப்படுகிறது. இது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்ல முடியாது. படகேறிய பிறகு குடிநீரோ உணவோ வாங்க இடமில்லை, எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்து குப்பையையும் கையோடு திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். உயிர்காக்கும் மேலங்கி இல்லாத படகில் ஏற மறுத்துவிடுங்கள். அதைக் கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வனத்துறைக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அனுமதி யாரிடம் பெறுவது, எந்த நாட்களில் படகு ஓடும், தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா என்பதையெல்லாம் வெளியூரிலிருந்து வருவோர் வீட்டில் இருந்தபடியே தமிழில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வர வேண்டும். வாரந்தோறும் ஓர் அறிவிப்பைத் துறையின் இணையதளத்திலும் படகுத்துறையிலும் வெளியிட்டு, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தாம் என்று வரம்பும் வைத்துவிட்டால், தூரத்திலிருந்து வந்து திரும்பிப் போகும் ஏமாற்றமும் இருக்காது, பறவைகள் இரைதேடும் மேட்டுப் பகுதிகளில் ஒரே நேரத்தில் பல படகுகள் மொய்ப்பதும் நிற்கும். ஓதத்தின் போக்கையும் ஆழத்தையும் கரையோரக் கிராம மீனவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அவர்களுக்கே பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தி, கட்டணத்தில் உரிய பங்கை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வரும் தை மாதத்துக்கு முன்பே இவற்றைத் தொடங்க முடியும். அதற்கான அறிவிப்பை மாவட்ட நிர்வாகம் இந்தக் கோடைக்குள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர்