மகளுக்கு, கானூன் குறிப்புகளோடு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு மாதமாகப் போனில் "நல்லா இருக்கேன் அத்தா" என்பதோடு வைத்துவிடுகிறாய். உன் அம்மாவிடமும் அதேதான். போகட்டும், உன் வகுப்புக்காகப் பாரசீக மருத்துவக் குறிப்பு கேட்டிருந்தாயே, அதை எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

ஜொராஸ்திரியரின் பழைய சட்ட நூலான வெந்திதாத்திலிருந்து தொடங்கு. அதன் 16ஆம் அத்தியாயத்தில், மாதவிலக்கான பெண் நெருப்புக்கும் தண்ணீருக்கும் 15 காலடி தள்ளி இருக்க வேண்டும். சோறு கொண்டுபோகிறவர் மூன்று காலடி தள்ளி நின்று உலோகக் கிண்ணத்தில் கொடுப்பார். ஒன்பது இரவுக்கு மேலும் உதிரம் நிற்காவிட்டால் அது தயேவர்கள் என்னும் தீய சக்திகளின் வேலை.

அடுத்து, கானூன் என்னும் மருத்துவ நூலை எழுதிய பாரசீக மருத்துவர் இப்னு சீனாவுக்கு வா. 980இல் புகாரா பக்கம் பிறந்து 1037இல் ஹமதானில் இறந்தவர். கானூனின் மூன்றாம் புத்தகத்தில் பேய் இல்லை, காரணங்கள் இருக்கின்றன. மாதவிலக்கு நின்றுபோவது இஹ்திபாஸ் தம்ஸ். குளிர்ந்த மிஜாஸ் என்னும் உடல்தன்மை, கெட்டிப்பட்ட பல்கம் என்னும் கபம், வழியை நெருக்கும் கொழுப்பு என்று பிரித்துப் பார்க்கிறார். ஆண்களைப் போன்ற உடல்வாகுள்ள பெண்களுக்கு நிற்பதையும் தனியே சொல்கிறார். வைத்தியம் மூலிகை வெந்நீரில் இடுப்புக் குளியல், கெண்டைக்காலில் ஹிஜாமா என்னும் குவளை வைத்தல், கணுக்காலில் ஸாஃபின் என்னும் ரத்தக்குழாயைத் திறந்து ரத்தம் எடுப்பது. அதிகமாகப் போனால் ஹிஜாமாக் குவளை மார்புக்குக் கீழே.

இங்கேதான் ஆபத்து. உதிரத்தைத் திறக்கும் அருவதா போன்ற மூலிகைச் சரக்குகளையே கருவை வெளியேற்றவும் எழுதியிருக்கிறார்கள். நாள் தள்ளிப் போயிருந்தால் கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் தொடக்கூடாது. அதனால்தான் அளவு எழுதவில்லை. யார் கஷாயம் கொடுத்தாலும் குடிக்காதே.

அரபி மூலத்தை உன்னளவுக்குத் திருத்தமாகப் படிக்கிறவர்கள் எங்கள் காலத்தில்கூட இல்லை. அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றி அத்தாவிடம் கேட்க வாய் வரவில்லை.

மலடு பற்றிய பகுதியை நிதானமாகப் படி. காரணம் ஆணின் விந்தில் இருக்கலாம், பெண்ணின் விந்தில் இருக்கலாம், கர்ப்பப்பையில், ஆணுறுப்பில் இருக்கலாம். கவலை, பயம், செரிமானக் கோளாறும் காரணமாகலாம். பெண்ணுக்கும் விந்து உண்டு என்றது பிழை. ஆனால் வரிசையில் முதலில் நிற்பவன் ஆண். சோதனைகளும் உண்டு. கோதுமை, வாற்கோதுமை, அவரை ஏழேழு மணி மண்சட்டியில் போட்டு, அவரவர் சிறுநீரைத் தனித்தனியாக விட்டு ஏழு நாள் வைப்பது. முளைத்தால் அவர் பக்கம் குறையில்லை. இன்னொன்று, இரவில் பூண்டுப்பல்லை உள்ளே வைத்து, காலையில் வாயில் வாடை வந்தால் வழி அடைப்பில்லை என்பது. இரண்டும் தவறு. மணி முளைப்பது சிறுநீரின் உப்பைப் பொறுத்தது. பூண்டின் வாடை ரத்தத்தில் ஏறி நுரையீரல் வழியாக மூச்சுக்கு வருகிறது, கர்ப்பப்பையிலிருந்து வாய்க்குக் குழாய் கிடையாது. ஆனாலும் சட்டி இரண்டு, ஒன்று அவனுக்கு.

இந்தப் பக்கத்தை முப்பது வருஷம் பாடம் சொன்னவன் நான். போன பெருநாளைக்கு உன் மாமியார் நம் திண்ணையில் உட்கார்ந்து "எங்க பக்கம் குறை இல்லை" என்றபோது தலையை ஆட்டினேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆட்டினேன். சம்பந்தியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். உன்னை மட்டும் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அனுப்பிவிட்டு மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு, மகளே.

ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு விந்துப் பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்து கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். கூச்சப்பட்டால் நானே அவரிடம் பேசுகிறேன். இந்தத் தடவை பேசுவேன்.

சாப்பிடு. கஷாயம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு போன் பண்ணு, அப்போது கடையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அத்தா