சீனுவுக்கு, நடு ரங்கத்தைப் பார்த்துவிட்டு

மைசூரு
ஆவணி பிறந்து நாலாம் நாள்

அன்புள்ள சீனு,

நீ போனை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் பேனாவை எடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுகிறது, பதிலுக்கு ஒரு கும்பிடுகூட வரவில்லை. கோபுவைக் கேட்டால், "அவன் யாரோடயும் பேசறதில்லடா, ரேழியிலேயே உட்கார்ந்திருக்கான்" என்கிறான். கோபு சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் நமக்குப் பழக்கம். மீதிப் பாதி என்னை உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். லதாவுக்கு முழங்கால் வலி. பேத்தி என்னைக் கன்னடத்தில் அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். மாப்பிள்ளை வழக்கம்போல. ஆயிற்றா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிவசமுத்திரத்தைப் பார்த்துவிட்டேன். காவேரியில் மூன்று தீவு, மூன்று தீவிலும் ரங்கன் படுத்திருக்கிறான். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி, சிவசமுத்திரம் மத்தியம், உங்கள் ஊர் ஸ்ரீரங்கம் அந்தியம். "மற்ற ரெண்டும் கிளை ஆபீஸ், தலைமை அலுவலகம் இங்கேதான்" என்று நீ தெற்கு வாசலில் நின்று அளந்ததெல்லாம் நினைவிருக்கிறதா? பதின்மூன்று நிலை கோபுரம், 236 அடி, ஏழு பிராகாரம் என்று நீ அடுக்க, மணி மட்டும் "கோபுரம் 1987-லதானே முடிஞ்சது?" என்று கேட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். தலைமை அலுவலகத்தில் பிறந்து வளர்ந்த நீ மற்ற இரண்டையும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கிளைகளைத் தணிக்கை செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

முதல் கிளை இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். பட்டணத்துப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் கோட்டைச் சுவர், திப்பு விழுந்த இடம் (1799, மே 4), கிழக்குக் கோடியில் ஹைதரின் சமாதி, அப்புறம் சங்கமம். எல்லோரும் பார்ப்பதுதான். நான் அதிக நேரம் நின்றது தரியா தௌலத்தில். திப்பு 1784-ல் கட்டிய கோடை மாளிகை, பெரும்பாலும் தேக்கு. மேற்குச் சுவர் முழுக்க ஒரு போர் ஓவியம். ஹைதரும் திப்புவும் படையோடு வருகிறார்கள், நடுவில் கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, அடிபட்ட கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இது நடந்தது எங்கே தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில், 1780-ல். வழிகாட்டிப் பையனிடம் "அது எங்க ஊர்ப்பக்கம்" என்றேன். "எல்லாத் தமிழ்க்காரரும் இதைத்தான் சொல்றாங்க சார்" என்றான்.

பறவைச் சரணாலயத்துக்குக் கோபுவைக் கூட்டிப்போகவே கூடாது. ரங்கனத்திட்டு. ஆற்றுக்குள் சின்னச் சின்னத் திட்டுகள். பழைய காலத்து அணை ஒன்று கட்டியதால் உண்டான திட்டுகளாம். சலீம் அலி வந்து பார்த்து மகாராஜாவிடம் சொல்ல, 1940-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன் என்று மரத்துக்கு மரம் ஒரே சத்தம். கீழே பாறையில் முதலை வாயைத் திறந்தபடி கிடக்கிறது. படகுக்காரர் அதை உரசுகிற மாதிரிதான் ஓட்டுகிறார். பொன்மலைக் குளத்தில் தண்ணீர்ப்பாம்பைப் பார்த்து மரமேறினவன் இதைத் தாங்குவானா?

நடு ரங்கத்துக்கு வருகிறேன். திருமகூடலில் கபினி வந்து சேர்கிறது, அப்புறம் தலக்காடு. மணலுக்குள் கோயில்கள், பள்ளம் தோண்டி இறங்கிப் பார்க்க வேண்டும். சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்திருந்த ஊர் அது. பின்னால் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் மீட்டுக் கீர்த்திநாராயணருக்குக் கோயில் எழுப்பினான். பட்டணத்து ரங்கநாயகிக்கு நகை போட்ட அலமேலம்மா, உடையார் ஆட்கள் அந்த நகைக்காகத் துரத்தியபோது "தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும்" என்று சபித்துவிட்டு ஆற்றில் குதித்தாள் என்பார்கள். டிரைவர் அதை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். நம்புகிறேனா என்று கேட்காதே. மணல் இருக்கிறது.

சிவசமுத்திரத்தில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை ககனசுக்கியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கியாகவும் விழுகின்றன. இடையில் தீவு. ஞாயிற்றுக்கிழமை போய்விடாதே, பெங்களூரே அங்கேதான் இருக்கும். அருவியைப் பார்த்து, படம் பிடித்து, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயைத் தின்றுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். தீவுக்குள் ஜகன்மோகன ரங்கன் என்ற பெயரோடு பெருமாள் படுத்திருப்பது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. மூவரில் இவர்தான் இளமைக்கோலம் என்று சொல்கிறார்கள். நான் போனபோது சன்னதியில் என்னைத் தவிர யாருமில்லை. பட்டர் அவசரமே இல்லாமல் தீபம் காட்டினார். வெளிச்சம் திருவடியிலிருந்து முகம்வரை நிதானமாக நகர்ந்தது. உங்கள் ஊரில் "நகருங்கோ, நகருங்கோ" என்று தள்ளுகிற தள்ளலில் நான் ஒருநாளும் அந்த முகத்தை முழுதாகப் பார்த்ததில்லையடா. "எந்த ஊர்?" என்று கேட்டார். திருச்சி என்றதும், "அங்கிருந்து இங்கே வருவாரில்லை" என்றார். உன்னைத்தான் சொல்கிறார்.

பக்கத்தில் சோமேஸ்வரர் கோயில், அருவிப் பக்கம் மர்தானே காயிப் தர்கா. அங்கே பாறை வழுக்கும், எச்சரிக்கைப் பலகையை யாரும் மதிப்பதில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்காக. இனி எனக்காக. முப்பது வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவனுக்கு அந்தத் தீவில் உண்மையான சன்னதி பவர் ஹவுஸ்தான். இங்கே சிநேகமான ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அனுமதிக்கு ஏற்பாடு செய்தார். ஆற்றைத் தடுத்துக் கால்வாயில் திருப்பி, மேட்டிலிருந்து குழாய்களில் இறக்கி, கீழே டர்பைனில் விடுகிறார்கள். 1902 ஜூனில் ஓடத் தொடங்கியது. இப்போது மொத்தம் 42 மெகாவாட். நம் மேட்டூர் டனல் பவர் ஹவுசில் ஒரு யூனிட்டே 50. ஆனால் 1902 என்பதை யோசித்துப் பார். அமெரிக்காவிலிருந்து ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜெனரேட்டர், சுவிட்சர்லாந்திலிருந்து எஷர் வீஸின் டர்பைன், இரண்டையும் யானையும் வண்டியும் வைத்துக் காட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் லைன். அன்றைக்கு உலகத்தில் அவ்வளவு தூரம் மின்சாரம் அனுப்பியவர்கள் மிகச் சிலர். எந்த லைன்மேன் எந்த மரத்தில் ஏணி சாய்த்து இழுத்தானோ! மண்வேலைக் கான்ட்ராக்டரோடு நான் மூன்று மாதம் மல்லுக்கட்டியது பத்துக் கிலோமீட்டர் லைனுக்கு.

இதற்குப் பின்னால் நின்றவர் திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுக்காரர். லோட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர் திட்டம் கொண்டுவந்தபோது துணிந்து சம்மதித்தார். 1901-ல் காலமாகிவிட்டார், பல்பு எரிவதைப் பார்க்கவில்லை.

இதில் கவனி. முதல் மின்சாரம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பெங்களூருக்கு 1905-லும் மைசூர் அரண்மனைத் தெருவுக்கு அதற்கப்புறமும்தான் விளக்கு. முதலில் போனது தங்கச் சுரங்கத்துக்கு. அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் ஏராளமானோர் வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள். நம் ஹாஸ்டல் ஜானின் தாத்தாவும் அப்படிப் போனவர்தானே? 2001-ல் சுரங்கத்தை மூடியபோது அவன் அழுதுகொண்டே போன் செய்தான்.

சுரங்கம் ஒருநாளும் நிற்க முடியாது, கோடையில் ஆறு இளைத்துவிடும். ஆகவே மேலே தேக்கி வைக்க வேண்டும் என்று கிளம்பியதில் ஒரு பெரிய காரணம் இந்தப் பவர் ஹவுஸ். பாசனம் இன்னொன்று. 1911-ல் கண்ணம்பாடியில் கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை தொடங்குகிறது, விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளர். சென்னை ராஜதானி எதிர்க்கிறது, நடுவர் வருகிறார், இழுபறி, 1924-ல் ஒப்பந்தம். அவர்களுக்கு 49 டிஎம்சி கேஆர்எஸ், நமக்கு 93 டிஎம்சி மேட்டூர். மேட்டூர் 1934-ல் முடிந்தது. நீ அம்மா மண்டபப் படியில் உட்கார்ந்து "கர்நாடகாக்காரன், கர்நாடகாக்காரன்" என்று ஆடிக்கு ஆடி திட்டுவாயே, அந்தக் கதையின் தொடக்கம் இந்த டர்பைன் அறையில். வயலுக்காக மூண்ட சண்டை என்றுதான் நான் நாற்பது வருஷம் கேட்டிருக்கிறேன். மண்டியா விவசாயியும் தஞ்சாவூர் விவசாயியும் மாறி மாறிச் சாலையில் உட்கார்கிறார்கள். தங்கத்துக்காக இறக்கிய முதல் குழாயைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. நான் டீக்கடையில் இதைச் சொல்லப்போய் ஒரு மண்டியாக்காரர் என்னை நீரியல் நிபுணர் என்று நினைத்து மகனுக்கு வேலை கேட்டார்.

இன்னொன்று. தீவுக்குப் போக ஒரு பழைய கல் பாலம் இருந்தது. ராமசாமி முதலியார் என்ற ஜாகீர்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, நெட்டுக் குத்தாக நிறுத்திய கல்தூண்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி போய்விட்டது. அதே ஆகஸ்டில்தான் உங்கள் பழைய கொள்ளிடம் பாலமும் விழுந்தது, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. மதகுகள் போன ராத்திரி நீ எனக்குப் போன் செய்து, "ஆர்தர் காட்டன் கட்டினதுடா, 1836, போச்சுடா" என்று ஏதோ உறவுக்காரர் போனதுபோலப் பேசினாய். ராஜி பின்னாலிருந்து "அணைக்கு அழறவர் சாப்பாட்டுக்கு வரட்டும்" என்றாள். இந்தப் பாலத்தின் மொட்டைத் தூண்களைப் பார்த்தபோது அந்தக் குரல்தான் கேட்டது.

சீனு, அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் வந்து பதின்மூன்றாம் நாள்வரை இருந்தேன், அப்புறம் ரயிலேறிவிட்டேன். நீ வீட்டை விற்கப்போகிறாய் என்று கோபு சொன்னான். பையன் நியூஜெர்சிக்குக் கூப்பிடுகிறானாம். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நானே மகள் வீட்டுக்கு வந்து கிடப்பவன்தான். ஆனால் இந்த வருஷத்தில் எதையும் முடிவு செய்யாதே. தரகர் யாராவது கையெழுத்துக் கேட்டால், மைசூரில் ஒரு பங்காளி இருக்கிறான், அவனைக் கேட்கணும் என்று சொல். சுகரைப் பார்த்துக்கொள். இன்சுலினை நிறுத்திவிட்டாய் என்பதும் கோபு சொன்ன பாதிக்குள் வருகிறது; அது எந்தப் பாதி என்று நீதான் சொல்ல வேண்டும். இதில் மட்டும் எனக்கு விளையாட்டு இல்லை.

புரட்டாசி கடைசியில் இங்கே வா. ஆற்றில் தண்ணீர் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். சூரியன் உதித்து மறைவதற்குள் மூன்று ரங்கத்தையும் சேவித்தால் விசேஷம் என்பார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் பறக்கும் அந்தப் புண்ணியம் நம் முதுகுக்கு ஆகாது. நாம் இரண்டை மட்டும் பார்ப்போம், மூன்றாவதைத்தான் நீ அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாயே. மத்தூர் வடை வாங்கித் தருகிறேன். பவர் ஹவுசைப் பற்றி நான் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கட்டணம்.

மைசூரு எக்ஸ்பிரஸில் திருச்சியில் ராத்திரி ஏறினால் விடிந்ததும் இங்கே இறங்கலாம். டிக்கெட் நான் போட்டு அனுப்புகிறேன். மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் கேட்க உன் வயது வேண்டும். கோபுவிடம் சொல்லிவைத்திருக்கும் வயது வேண்டாம், ஆதாரில் இருப்பதை எழுது. தேதியையும் எழுது. போனில் சொன்னாலும் சரி, ஆனால் முதல் மணியிலேயே நான் எடுத்துவிடுவேன் என்று எதிர்பார்க்காதே, பேத்தி கையில் இருக்கும்.

அன்புடன்,
ரகு

பி.கு.: கோபுவையும் கூட்டிவருவதானால் முதலை விஷயத்தை அவனிடம் சொல்லாதே.