மிச்சச் சோற்று டிரம்மும் பன்றிக் காய்ச்சலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்பன்றி வளர்ப்பின் வருமானம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், தீவனச் செலவைக் குறைக்க உணவகங்களின் மிச்ச உணவைப் பயன்படுத்தலாம் என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. காரைக்குடி, கானாடுகாத்தான் வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மெஸ்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சுவதை விடியற்காலையில் டிரம்களில் ஏற்றிச் செல்வதில் தவறேதும் இல்லை; குப்பைமேட்டுக்குப் போகவேண்டியது தீவனமாகிறது. ஆனால் அந்த டிரம்மில் நோயுற்ற பன்றியின் இறைச்சித் துணுக்கு ஒன்று கிடந்தாலும், பன்றிகளைக் கொல்லும் தொற்றுநோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவ அது போதும். குளிரூட்டிய இறைச்சியில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும் வைரஸ் அது. 2007இல் ஜார்ஜியா நாட்டுக்குள் இந்நோய் நுழைந்ததே, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதால்தான் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து பரவி 2018இல் சீனாவையும், 2020இல் அசாம், அருணாச்சலப் பிரதேசத்தையும், 2022 ஜூலையில் வயநாட்டையும் அது எட்டியது. வயநாட்டிலிருந்து காரைக்குடிக்கு ஒரு சரக்கு வண்டி ஓர் இரவில் வந்துவிடும்.

வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆப்பிரிக்க வகைக்கு நம் வளர்ப்போர் கையில் ஊசி எதுவும் இல்லை. கடுங்காய்ச்சல், தீவனம் எடுக்காமை, காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல் என்று இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால், ‘ஊசி போட்டாயிற்றே’ என்று இருந்துவிடுகிறார்கள். மாதிரிகளைப் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உண்மை தெரியும்.

மாதிரி எடுக்க எங்களை யார் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. முதல் பன்றி படுத்ததும் வளர்ப்பவர் அழைப்பது மருத்துவரை அல்ல, வியாபாரியை. நான் பணியிலிருந்தபோது ஒருவர், தீவனம் எடுக்காத நான்கு பன்றிகளை ஒரே இரவில் கறிக்குத் தள்ளிவிட்டு, மறுநாள் ஐந்தாவதைக் காட்ட என்னை அழைத்தார். அந்த நான்கின் இறைச்சி எந்த மெஸ்ஸின் மிச்சத்தில் கலந்து எந்தப் பட்டிக்குப் போயிற்றோ, நான் அறியேன். நோய் உறுதியானபின் அரசே அழிக்கும் பன்றிகளுக்குத்தான் இழப்பீடு, தானாகச் செத்தவற்றுக்குக் கிடையாது என்ற விதி, சீக்கிரம் தகவல் சொல்பவருக்கே சாதகமானது. அதை அவரிடம் எடுத்துச் சொன்னவர்தான் இல்லை.

பெயரும் ஒரு தடையாக இருக்கிறது. 2009இல் மனிதரிடையே பரவிய காய்ச்சலையும் நாம் பன்றிக் காய்ச்சல் என்றே எழுதிப் பழகிவிட்டதால், ஊரார் விரட்டுவார்கள் என்று அஞ்சி இறந்ததைக் கண்மாய்க்கரையில் வீசிவிடுகிறார்கள். ஆப்பிரிக்க வகை மனிதரைத் தொற்றுவதில்லை. தங்கள் இதழாவது ‘ஆப்பிரிக்க’ என்ற அடைமொழியை விடாமல் அச்சிட வேண்டுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. மிச்ச உணவை எடுத்துச் செல்வோரைக் காரைக்குடி மாநகராட்சியும் சுற்றியுள்ள பேரூராட்சிகளும் பதிவேட்டில் எழுதி, பதிந்தவருக்கு மட்டுமே மண்டபங்களும் உணவகங்களும் தரவேண்டும் என்று ஆணையிடலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கால்நடைக் கணக்கெடுப்பில் நேற்றுப் போட்ட பட்டி இருக்காது. இந்தப் பதிவேட்டில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கால்நடைத் துறை மாதம் ஒருமுறை சென்று பார்க்கலாம். புதிதாக வாங்கிய பன்றியை முப்பது நாள் தனியே கட்டியிருக்கிறார்களா என்றும் அப்போதே கேட்கலாம்.

பதிவு பெறுவோருக்கு ஒரே நிபந்தனை போதும்: மிச்சத்தைக் கிளறிக்கிளறி அரை மணி நேரமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்த பின்பே பட்டிக்குள் கொண்டுபோக வேண்டும். விறகுச் செலவைக் காரணம் காட்டுகிறார்கள். சீமைக்கருவேல் மண்டிக்கிடக்கும் சிவகங்கை மாவட்டத்தில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. சமையல்காரர்கள் கழித்துப்போட்ட பழைய அண்டாக்களுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கானாடுகாத்தான்.